செண்பகத்தோப்பில் நிற்கச் சொன்னேன்

“இங்கனயே நில்லுங்க, இந்தா வந்துருதேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். இடி விழுந்தாலும் மனுஷன் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். “அப்படி ஒரு ஆள் நமக்கு வாய்க்கலியே!” என்று கேட்டவர்கள் அங்கலாய்ப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும். இன்று அதையே எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது.

ராஜபாளையத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தார். அதற்கு முன்னால் பட்டாளத்தில் நர்சிங் வேலை. ஊரே அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பெயர் இங்கே வேண்டாம். அவரைக் கேட்காமல் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது போதும்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பத்திரமும் ஜாமீன் மனுவுமாக நகல் எடுத்து எடுத்து, சும்மா இருக்கமாட்டாமல் துப்பறியும் கதை எழுத ஆரம்பித்தேன். முதலில் மாத நாவல், பிறகு செல்போன் ஆப்பில் ஆடியோ தொடர். துப்பறிவாளர் வாகீசன் என்றால் இன்றைக்கும் நாலு பேருக்குத் தெரியும். வாகீசனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவன் நிற்பான். அவன் பெயர் சோணை. முன்னாள் பட்டாளத்துக்காரன், காயத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தவன், வாகீசன் எதைச் சொன்னாலும் “அது எப்படி சார் கண்டுபிடிச்சிய?” என்று வாயைப் பிளக்கிறவன். வாகீசன் யார் என்று கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்தான். நான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள். சோணை, நம் கம்பவுண்டர்.

பென்ஷன் காகிதங்களை நகல் எடுக்கத்தான் முதன்முதலாகக் கடைக்கு வந்தார். மேஜைமேல் கிடந்த என் கையெழுத்துப் பிரதியை, மிஷின் ஓடி முடிவதற்குள் நாலு பக்கம் படித்துவிட்டார். அதில் கழுத்து நெரிபடுகிற ஒருத்தன் கொலைகாரனைப் பார்த்து அரைப்பக்க வசனம் பேசுவான்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கப்படாது. கழுத்த நெரிச்சா இம்புட்டு பேச முடியாது.”

“எம்புட்டுதான் பேசலாம்?” என்றேன் எரிச்சலாக.

“செஞ்சு பாத்துருவோம்” என்றவர், தோளில் கிடந்த துண்டைத் தன் கழுத்திலேயே சுற்றி ரெண்டு முனையையும் என் கையில் கொடுத்துவிட்டார். நான் இழுக்க இழுக்க என் வசனத்தை வாசித்தார். நாலாவது வார்த்தையில் கண் பிதுங்கி இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, “மூணு வார்த்தை அண்ணாச்சி. மிச்சத்த வெட்டிருங்க” என்றார். நான் வெட்டினேன். நான் எழுதியதில் உருப்படியான முதல் கதை அதுதான்.

அதற்குப் பிறகு அவர் இல்லாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. கதையில் என்ன நடக்கிறதோ அதை முதலில் அவர் செய்து பார்ப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் டூட்டி. “இந்த வாரம் டூட்டி உண்டா அண்ணாச்சி?” என்று போனில் கேட்பார். உண்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, ஒரு நோட்டும் கைக்கடிகாரமுமாக வந்து நிற்பார். நடந்ததை எல்லாம் பட்டாளக் கணக்கில் மணி போட்டு எழுதுவார். மத்தியானம் ஒன்றே கால் என்றால் 1315.

ஒரு தரம் பீரோவுக்குள் ஆள் ஒளிய முடியுமா என்று தெரிய வேண்டியிருந்தது. கடையின் பின்னறையில் பழைய இரும்பு பீரோ ஒன்று கிடந்தது, தட்டுகளைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே போனார், நான் கதவைச் சாத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரு கட்டு காகிதத்தோடு வந்தான். அத்தனையும் நகல் எடுத்து, அடுக்கி, பின் அடித்து அனுப்பிய பிறகுதான் எனக்குப் பீரோ ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். மேலெல்லாம் வேர்வை ஒழுக, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

“ஏய்யா, தட்டக்கூடாதா?”

“ஒளிஞ்சிருக்கவன் தட்டுவானா? வாகீசன் சாருக்குத் தெரிஞ்சுபோகும்லா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என்னையே அறையலாம்போல் இருக்கிறது.

இன்னொரு தரம் மம்சாபுரம் ரோடு பிரிகிற விலக்கில் அவரை நிறுத்தினேன். எந்த பஸ்ஸில் எத்தனை பேர் இறங்குகிறார்கள், அதில் ஒருத்தன் யார் கண்ணிலும் படாமல் நழுவ முடியுமா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், வீட்டுக்கு வந்த மச்சினனோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். ஐப்பசி மாசம். மழை கொட்டித் தீர்த்தது. சாயங்காலம் ஞாபகம் வந்து பதறியடித்துக்கொண்டு போனால், அதே விலக்கில், அதே கல்லுக்குப் பக்கத்தில், நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நனைந்து நிற்கிறார். எதிரிலேயே டீக்கடை. கூரை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது.

“அங்க போய் ஒதுங்கி நிக்கவேண்டியதுதான?”

“நீங்க இங்கனல்லா நிக்கச் சொன்னிய.”

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். அவர் மனைவி போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணாச்சி, அவியளுக்குத்தான் கூறு இல்ல, உங்களுக்கும் இல்லியா? சொன்ன எடத்துல செத்தாலும் நிப்பாகன்னு தெரியும்லா?” என்றாள். தெரியும் தங்கச்சி, தெரியும் என்று சிரித்து மழுப்பினேன். அந்த மழையும் காய்ச்சலும் அடுத்த மாதமே சோணைக்கு வந்துவிட்டன. வாசகர்கள் ரசித்தார்கள். அவர் ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ. இல்லை, அதுவும் பொய். திருந்தியிருக்கமாட்டேன்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். “பட்டாளத்துல நாம நிக்க எடத்த இன்னொருத்தர் சொல்லிருவாக. ஊருக்கு வந்த பொறவு எங்க நிக்கணும்னு யாருஞ் சொல்லல, அண்ணாச்சி. நீங்கதான் சொல்லுதிய” என்றார். அது ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆப் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். வாகீசன் பழசாகிவிட்டாராம். கேட்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த அசிஸ்டென்டைத்தான் பிடித்திருக்கிறதாம். “சோணையை விண்வெளிக்கு அனுப்புங்க சார், சயின்ஸ் ஃபிக்‌ஷனா ஒரு தொடர் பண்ணுவோம்” என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. பொறாமை என்றால் பொறாமைதான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

கம்பவுண்டரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, “வாகீசன் சார் வரலியா?” என்பதுதான்.

“வருவார், கொஞ்சமா வருவார். நீங்கதான் ஹீரோ.”

“அவிய இல்லாம ராக்கெட்ல நான் ஒத்தையில என்ன செய்ய?” என்று நிஜமாகவே கவலைப்பட்டார். ஆனால் மறுநாளே டூட்டி ஆரம்பித்துவிட்டது. எடை இல்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க, தன் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் ஒரு மணி நேரம் மல்லாக்க மிதந்தார். விண்வெளித் தொப்பிக்காக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கிளினிக்கில் மருந்து கொடுத்திருக்கிறார். ஊசி போட வந்த ஒரு கிழவி பயந்து இறங்கி ஓடிவிட்டாள், டாக்டர் சத்தம் போட்டாராம். குளிர்காலத்துக் கையுறையைப் போட்டுக்கொண்டு கத்தரிக்காயில் ஊசி குத்திப் பழகினார். “தடிமனான உறை மாட்டிக்கிட்டு நரம்பு தேட முடியாது அண்ணாச்சி, சோணை இதுல தோத்துப்போவான்னு எழுதுங்க” என்றார். எழுதினேன். வியாழன் கிரகத்துப் பக்கத்தில் காயம்பட்ட ஒருத்தனைக் காப்பாற்ற முடியாமல் சோணை அழுத அந்த எபிசோடு பிரமாதமாக ஓடியது.

பிறகு வந்தது அந்த எபிசோடு. நேரத்தைத் திருடுகிற ஒருவனைத் துரத்திக்கொண்டு வாகீசன் காலத்துக்குள் தாவுகிறார். யாருமே இல்லாத ஒரு நிலாவில் சோணையை நிறுத்திவிட்டு, “இங்கேயே நில், வந்துவிடுகிறேன்” என்கிறார். வாகீசனுக்கு அது ஒரு மணி நேரம். சோணைக்கு நாற்பது வருஷம்.

“நாப்பது வருசமா! சோத்துக்கு என்ன செய்வான்?”

“அது ஒரு மாத்திரை இருக்கும். அதை விடுங்க. ஒருத்தன் தன்னந்தனியா, பேச ஆள் இல்லாம, போன் இல்லாம நின்னா மனசு என்னென்ன பண்ணும்? எனக்கு அது வேணும்.”

“செஞ்சு பாத்துருவோம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போனேன். வனத்துறை செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வற்றிக் கிடந்த ஓடையோரம் ஒரு மருத மரம். அதற்கடியில் நிறுத்தினேன். ஒரு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொன்னேன். பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, நோட்டு. கிளம்பும்போது கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து என் கையில் வைத்தார்.

“நிலாவுல போன் இருக்காதுல்லா? நீங்களே வச்சுக்கிடுங்க.”

“எதுக்கும் வச்சுக்கிடுங்கய்யா.”

“வச்சிருந்தா எப்படி அண்ணாச்சி? கை தன்னால எடுத்துப் பாக்கும். அப்பொறம் டூட்டி டூட்டியா இருக்காது.”

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்குச் சென்னையிலிருந்து வீடியோ காலில் ஆப் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் மொத்தமாக வந்தார்கள். தொடரைப் புகழ்ந்தார்கள். இன்னும் பத்து எபிசோடு வேண்டும் என்றார்கள். ஒரு மணி ஆனது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் இந்தக் கட்டுரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான், அந்த ஒரு நினைப்புதான். இரண்டு மணிக்கு மேல் என் சட்டைப் பையில் அவர் போன் அடித்தது. அவர் வீட்டம்மாள். விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. மூன்றாவது தரம் அடித்தபோது, புகழ்ச்சி நடுவில் தொந்தரவாக இருக்கிறதே என்று கட் பண்ணினேன். பேச்சு முடிந்து, சாப்பிட்டு, நாலரைக்கு மருத மரத்தடிக்குப் போனால் ஆள் இல்லை.

முதல் முறையாக, நான் நிற்கச் சொன்ன இடத்தில் அவர் இல்லை. செக்போஸ்ட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் சொன்னார். மூன்றரை மணிக்கு அந்த வழியாக வந்த வனக்காவலர், மரத்தடியில் சாய்ந்து கிடந்தவரைப் பார்த்து ஜீப்பில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். சட்டைப் பையில் இருந்த கிளினிக் சீட்டைப் பார்த்து ராஜபாளையத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேரும்போது அவர் மனைவி இன்னும் வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. “ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தக்கட்டி கரைய ஊசி போட்டிருக்கலாம்” என்றார் டாக்டர். வனக்காவலர் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வராந்தாவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

0905. அண்ணாச்சி போயாச்சு.

1100. பேச ஆள் இல்லைன்னா தொண்டை தன்னால வறளுது. இதக் கதையில போடலாம்.

1300. நேரம் ஆச்சு. வருவாக.

1310. வலது கை மரக்குது. வாயத் தடவிப் பாத்தேன். கோணுது.

அதற்குக் கீழே இடது கையால் கிறுக்கலாக இன்னும் ஒரு வரி. 1320. செக்போஸ்ட் வரைக்கும் நடந்துரலாம். அண்ணாச்சி வந்தா எடந் தெரியாமத் தேடுவாக.

நோய் என்னவென்று அவருக்குத் தெரியும். கம்பவுண்டர் அல்லவா? எத்தனை பேரை அந்த மாதிரி கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். தெரிந்தும் நின்றார், நான் தேடுவேன் என்று. ஐயோ, நான் தேடவில்லையே!

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் மனைவி இறங்குவது தெரிந்தது. தடயத்தை மறைத்து மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றியே காலமெல்லாம் எழுதிய நான், நோட்டை என் சட்டைக்குள் செருகினேன். என் சட்டைப் பையிலிருந்த அவர் போனை எடுத்து அவர் பைக்குள் போட்டேன். அவள் வந்ததும் பையை நீட்டி, “தகவல் கேள்விப்பட்டு ஓடிவந்தேன் தங்கச்சி” என்றேன். என் வாய் அதைச் சொன்னது.

அதோடு விட்டேனா? ஒரு மாதம் கழித்து அந்த நிலா எபிசோடு எழுத வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆக்சிஜன் குறைந்து கை மரத்துப்போன சோணை, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் மீட்புக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, “அங்கே நடந்துவிடலாம். சார் வந்தால் இடம் தெரியாமல் தேடுவார்” என்கிறான். என் எழுத்தில் அதிகம் பேர் கேட்டது அதைத்தான். அழுதுவிட்டோம் என்று எழுதினார்கள். எப்படி சார் இப்படி யோசிக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். சிரித்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் ஒரு வருஷம் கிடந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ராஜபாளையம் போவேன். பழம் வாங்கிப் போவேன், தலையணையைச் சரிசெய்வேன், கடைக்கு வந்த வழக்கு விவகாரம் எல்லாம் சொல்வேன். அவர் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். டீ கொண்டுவரும்போது அவள் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“யாரு போகச் சொன்னா உங்கள அந்தக் காட்டுக்கு? அண்ணாச்சி முன்னால சொல்லுங்க, யாரு சொன்னா?”

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். யாரும் இல்லை. என் கையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பஸ் ஏறி வீட்டுக்கு வருவதற்குள், இந்த நிலையில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நியாயம் கிடைத்துவிடும். அந்த மாதிரி நியாயங்களுக்கு எனக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

மாசி மாதம் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டில் மேல் மீந்துபோன மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், கிளினிக்கில் திருப்பிக் கொடுக்க. நோட்டைப் பக்கத்தில் வைத்தேன்.

“தங்கச்சி, அன்னைக்கு அவரை அங்க நிப்பாட்டினது நான்தான்.”

அவள் தலை நிமிரவில்லை. “தெரியும்” என்றாள்.

“அந்த வனக்காவலருக்கு நன்றி சொல்லணும்னு அந்த வாரமே பழங் கொண்டுக்கிட்டுப் போனேன். வீட்டுக்குச் சொல்லலாம்னு பையெல்லாம் தேடுனாகளாம். போனே இல்லன்னாக. நீங்க குடுத்த பையில போன் இருந்துச்சு. நான் மூணு வாட்டி போட்டேன், மூணாவது வாட்டி யாரோ கட் பண்ணுனாக. கை விழுந்து பேச்சு மூச்சில்லாமக் கெடந்தவுக எப்படிக் கட் பண்ணுவாக? இம்புட்டுதான, இதுக்கு ஒரு வாகீசன் வேணுமா?”

“தெரிஞ்சே ஏம்மா வாராவாரம் அவர்கிட்ட அதையே கேட்டே? பாவம், அவர் பொய் சொல்லவேண்டியதாப் போச்சே” என்றேன். அந்த நேரத்திலும் பாருங்கள், அவள் மேல் ஒரு குறை கண்டுபிடிக்கிறேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவியகிட்டயா கேட்டேன்? அம்புட்டு வாரமும் உங்ககிட்டல்லா அண்ணாச்சி கேட்டேன்.”